பத்தாவது பிள்ளை

ஒரு பிள்ளையின் சந்தோசம் பதினெட்டு டொலர், வரி தனி. மொன்றியலில் இருந்து லவாலைத் தாண்டி வடக்கே அரை மணித்தியாலம் ஓடினால் வருகிற பூசணிப் பண்ணையின் வாசலில் அப்படித்தான் பலகை அடித்திருந்தார்கள். பலகையில் ‘நுழைவு’ என்று போட்டிருந்தாலும் அங்கே விற்கிற சாமான் அதுதான். அதே பலகையின் அடியில் இன்னொரு வரியும் இருந்தது: பத்துப் பேர் சேர்ந்து வந்தால் தலைக்கு ஒன்பது டொலர்.

சந்தோசத்துக்கும் மொத்த விலை, சில்லறை விலை என்று இரண்டு இருப்பது தெரிந்த பிறகு சில்லறை விலை கொடுப்பவன் வியாபாரியே இல்லை. கிருபானந்தன் செயின்ட்-மிஷேலில் ஒரு பலசரக்குக் கடையில் பதினேழு வருடமாகக் கல்லாவில் நிற்பவர். முருங்கைக்காய் விலை கேட்கிறவரின் முகத்தைப் பார்த்தே அவர் வாங்குவாரா, முகர்ந்துவிட்டு வைப்பாரா என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரே மகளை மட்டும் கூட்டிக்கொண்டு பதினெட்டு டொலருக்கு உள்ளே போவாரா? உறவு, அயல், கடை வாடிக்கை என்று வீடு வீடாகப் பேசி ஒன்பது பிள்ளைகளைச் சேர்த்தார். மகளோடு பத்து.

“பத்துப் பிள்ளையளைக் கொண்டு போனால் காணும் அண்ணை. கொண்டு போறவனுக்கு ஏது சீட்டு? பஸ் ஓடுறவன் டிக்கெட் எடுக்கிறவனே?” என்று லவால் ஞானேந்திரன் சட்டமும் சொல்லி, தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் தன் பெரிய வானையும் ஒருநாளைக்குக் கொடுத்திருந்தார்.

அந்தப் பத்தில்தான் இப்போது ஓட்டை விழுந்திருந்தது. அக்கா செல்வமலரின் மகன் மிதுசனுக்கு விடியக் காய்ச்சல். வானிலிருந்து இறங்கி வாசலில் குளிரில் துள்ளிக்கொண்டு நின்றவை ஒன்பது.

“அப்பா, ஒன்பது பேர்தானே இருக்கிறம்?” என்றாள் கஜந்தினி. எட்டு வயது. கணக்கில் தகப்பனைக் கொண்டு பிறந்தவள். மற்றதில் எல்லாம் தாயை.

“மெல்லக் கதை, பிள்ளை.”

“பத்து வேணுமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

“பத்துக்கும் ஒன்பதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? ஒண்டுதானே.”

அந்த ஒன்றுக்கு எழுபத்திரண்டு டொலர் என்பதை அவர் மனம் வானை நிறுத்தும்போதே கூட்டிக் கழித்து வைத்திருந்தது. ஆனால் பிரச்சினை காசு மட்டும் இல்லை. செப்டெம்பரில் அப்பிள் பிடுங்கக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். அன்றைக்குப் பார்த்துக் கடைக்குச் சரக்கு வந்து இறங்கியது. ஒக்டோபர் தொடக்கத்தில் மலைக்குப் போய் நிறம் மாறிய இலைகளைப் பார்ப்பதாகச் சொன்னார். அன்றைக்கு முதலாளிக்குப் பல்லுவலி. இரண்டு முறையும் மனைவி பிரஷாந்தினி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவதில் அவள் கெட்டிக்காரி. “அப்பா பொய் சொல்லேல்லை, கடையாலதான் போகேலாமப் போனது,” என்று தாயிடம் வாதாடியவள் கஜந்தினி. அந்த வீட்டில் அவருடைய வார்த்தையை இன்னும் கடனுக்கு வாங்குகிறவள் அவள் ஒருத்திதான். அந்த வாடிக்கையை அவர் இழக்கத் தயாராக இல்லை. இன்றைக்கு இந்த வாசலில் இருந்து திரும்ப முடியாது.

“எல்லாரும் இஞ்ச பாருங்கோ,” என்றார் பிள்ளைகளிடம். “நான் சீட்டு எடுத்து முடியுமட்டும் ஒருத்தரும் நிண்ட இடத்தில நிக்கக்கூடாது. ஓடிக்கொண்டே இருங்கோ.”

பெரியவர் ஒருவர் ஓடச் சொல்லி அந்தப் பிள்ளைகள் தங்கள் வாழ்நாளில் கேட்டதில்லை. ஓடினார்கள். ஹலோவீன் காலம் என்பதால் கீழ்வீட்டு டினோஜன் தகப்பனின் கல்யாண வேட்டியில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டுப் பேயாக வந்திருந்தான். சரிகைக் கரையோடு ஓடிய முதல் பேய் அதுவாகத்தான் இருக்கும். இன்னொருவன் கோயில் சூரன்போருக்குச் செய்த மட்டைத் தலையை மாட்டிக்கொண்டு வந்திருந்தான். மற்றவர்கள் வௌவால், பூனை, இளவரசி என்று வேடம் போட்டு, தாய்மாரின் கட்டளைப்படி அதற்கு மேலே குளிர்ச்சட்டை போட்டிருந்ததால், எல்லாரும் உருண்டையாகவே தெரிந்தார்கள்.

சீட்டுக் கூண்டில் இருந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். சூனியக்காரித் தொப்பி, பச்சை மூக்கு. கிருபானந்தனின் பிரெஞ்சு கல்லாப்பெட்டியோடு முடிந்துவிடும்: எண்கள், விலை, பொன்ஷூர், மெர்சி. அதற்கு மேலே மகள்தான். ஆனால் இந்த இடத்தில் எண் ஒன்றே போதுமாக இருந்தது.

சூனியக்காரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே பார்த்தாள். உதடு அசைந்தது. விரல் அசைந்தது.

“டிஸ்?” என்றாள். பத்தா?

“டிஸ்!” என்றார் கிருபானந்தன், கோயிலில் அரோகரா சொல்வதுபோல.

தொண்ணூறு டொலரும் வரியும் கைமாறின. ஒரு துண்டில் பெரிதாகப் ‘பத்து’ என்று எண்ணில் எழுதி, முத்திரை குத்தி நீட்டினாள். உள்ளே ஒவ்வொரு இடத்திலும் அந்தத் துண்டைக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். கிருபானந்தனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த நிமிர்வு ட்ராக்டர் வரைக்கும் இருந்தது.

ட்ராக்டரின் பின்னால் வைக்கோல் கட்டுகள் அடுக்கிய பெட்டி வண்டி. ஏறுகிற இடத்தில் எலும்புக்கூட்டு உடுப்பும் முகமூடியும் போட்ட ஒரு மலை போன்ற மனிதர் நின்றார். துண்டை வாங்கிப் பார்த்தார். பிறகு எண்ணத் தொடங்கினார். ஏறுகிற ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் எலும்பு விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒன்பதாவது தலையைத் தொட்டது விரல். “நெஃப்,” என்றார் எலும்புக்கூடு. அடுத்து அந்த விரல் மெல்லத் திரும்பி, நேரே கிருபானந்தனின் நெஞ்சை நோக்கி வந்தது.

குற்றவாளியை நோக்கி விரல் வரும்போது எவனும் நிதானமாக இருப்பதில்லை.

“டொய்லெட்!” என்று கத்தினார் கிருபானந்தன். “ஒராள் டொய்லெட்! பிள்ளை, சொல்லு, ஒராள் டொய்லெட்டுக்குப் போட்டார் எண்டு சொல்லு!”

“ஆர்?” என்றாள் கஜந்தினி.

“மிதுசன்.”

“மிதுசன் வீட்டையெல்லோ?”

“வீட்டில டொய்லெட் இல்லையே? காய்ச்சல்காரப் பிள்ளை, இப்ப அங்கதான் போயிருப்பான். இதில என்ன பொய் இருக்கு?”

கஜந்தினி அவரை ஒரு கணம் பார்த்தாள். தேங்காயைத் தட்டிப் பார்க்கிறவர்கள் பார்க்கிற பார்வை. பிறகு திரும்பிப் பிரெஞ்சில் சொன்னாள்.

எலும்புக்கூடு தலையாட்டியது. அன்பான எலும்புக்கூடு. ஏறுகிற ஏணியை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

“என்னவாம்?”

“பிள்ளையை விட்டுட்டு வண்டி எடுக்கமாட்டாராம். வருமட்டும் நிப்பாராம்.”

வண்டியில் அவர்களைத் தவிர இன்னும் இருபது பேர் இருந்தார்கள். நாலு பாகை குளிர். ஐந்து நிமிடம் போனது. ஒரு கைக்குழந்தை அழத் தொடங்கியது. அதன் தகப்பன் கழிவறை இருந்த பக்கத்தை எட்டி எட்டிப் பார்த்தான். சூரன் தன் மட்டைத் தலையைக் கழற்றி, “மாமா, எனக்கும் டொய்லெட் வருது,” என்றான்.

“சொல்லு, பிள்ளை,” என்றார் கிருபானந்தன். “அவனுக்கு ட்ராக்டர் பயம். நேரே சோளக் காட்டுக்கு வந்திடுவன் எண்டு சொன்னவன் எண்டு சொல்லு.”

“இதுக்கு என்ன விளக்கம் அப்பா?”

“என்ன விளக்கம்?”

“இது எப்பிடிப் பொய் இல்லை எண்டு.”

“வீட்டை போய்ச் சொல்லுறன். இப்ப சொல்லு.”

அவள் சொன்னாள். வண்டி கிளம்பியது. பிள்ளைகள் கூவினார்கள், இலை உதிர்ந்த மரங்களுக்கு இடையே வெயில் வந்தது, வயல் முழுக்கப் பூசணிக்காய்கள் செம்மஞ்சளாக உட்கார்ந்திருந்தன. கிருபானந்தனுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. எலும்புக்கூடு வண்டியின் முன்பக்கத்தில் நின்று, கையில் இருந்த வோக்கி-டோக்கியில் பேசிக்கொண்டே வந்தது. அதில் ‘மித்தூஸான்’ என்ற சொல் இரண்டு தரம் கேட்டது.

சோளக் காடு என்பது ஆள் உயரத்துக்கு மேலே வளர்ந்த சோளத்துக்குள் வளைத்து வளைத்துப் பாதை வெட்டி, காசு கொடுத்தவர்களை வழி தெரியாமல் அலைய விடுகிற இடம். ஊரில் இருந்து வந்தவர்களுக்கு வழி தெரியாமல் அலைவதற்குக் காசு கொடுப்பது விளங்காது. இலவசமாகவே நிறைய அலைந்தவர்கள். அதன் வாசலில் மித்தூஸான் இல்லை. இருக்க நியாயமும் இல்லை. ஆனால் எலும்புக்கூட்டின் கண்கள் முகமூடியின் ஓட்டைக்குள் கலங்கத் தொடங்கியிருந்தன.

“என்ன உடுப்புப் போட்டிருக்கிறான் எண்டு கேக்கிறார்,” என்றாள் கஜந்தினி. “கண்ணுக்குத் தெரியாத மனிசன் வேசம் எண்டு சொல்லட்டே?”

“நக்கல் அடியாத. நீலக் குளிர்ச்சட்டை எண்டு சொல்லு.”

நீலம் என்றது எவ்வளவு பெரிய பிழை என்பது பத்து நிமிடத்தில் தெரிந்தது. அந்தப் பண்ணையில் நீலக் குளிர்ச்சட்டை போட்ட பையன்கள் எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேரையும் பிடித்து, வரிசையாக நிறுத்தி, அவர் முன்னால் கொண்டுவந்தார்கள். எலும்புக்கூடு ஒவ்வொருவன் தோளிலும் கைவைத்து, நம்பிக்கையோடு அவர் முகத்தைப் பார்த்தது. முதலாமவனுக்குச் செம்பட்டைத் தலை. இல்லை. இரண்டாமவன் ஆறடிக்கு அரை அடி குறைவு. இல்லை. மூன்றாமவன் பெண்பிள்ளை. ஒவ்வொரு ‘இல்லை’ சொல்லும்போதும் கிருபானந்தன் கவலைப்பட்ட முகம் காட்ட வேண்டியிருந்தது. அந்த ஒரு வேலை மட்டும் அவருக்குச் சிரமமாக இருக்கவில்லை.

எட்டாவது பையனும் இல்லை என்றானபோது ஒலிபெருக்கி கரகரத்தது. பேய்ச் சிரிப்பும் ஆந்தைச் சத்தமும் போட்டுக்கொண்டிருந்த ஒலிபெருக்கி, அதை நிறுத்தி, மித்தூஸான் என்ற பிள்ளையைக் காணவில்லை என்று அறிவித்தது. ட்ராக்டர்கள் நின்றன. வெளிக்கதவை மூடினார்கள். பண்ணைக்கு வந்திருந்த அத்தனை குடும்பங்களும் கையில் இருந்த டோனட்டை வைத்துவிட்டு வந்து, சோளத்துக்கு முன்னால் கைகோத்து வரிசை கட்டின. வரிசை உள்ளே நடந்தது. “மித்தூஸான்! மித்தூஸான்!” ஒரு கடற்கொள்ளைக்காரன் கூப்பிட்டான். இரண்டு கன்னியாஸ்திரிகள் கூப்பிட்டார்கள்; அவர்கள் வேடமா நிசமா என்று தெரியவில்லை. வாழைப்பழ உடுப்புப் போட்ட ஒரு தாத்தா அழுதுகொண்டே கூப்பிட்டார்.

மொத்த மொன்றியலும் தன் அக்கா மகனைத் தேடுவதைக் கிருபானந்தன் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று நாலு பேரை ஏமாற்றலாம் என்று வந்தவருக்கு முந்நூறு பேரின் அன்பு கிடைத்தால் வைக்க இடம் இருக்காது.

“அப்பா,” என்றாள் கஜந்தினி. “இன்னும் பத்து நிமிசத்தில கிடைக்காட்டில் பொலிசைக் கூப்பிடுவினமாம். இப்ப மிதுசன்ர அம்மாவின்ர நம்பர் வேணுமாம்.”

கிருபானந்தன் பொக்கெற்றுக்குள் இருந்த போனை இறுகப் பொத்திக்கொண்டார். செல்வமலர் அக்காதான் அவரைக் கனடாவுக்குக் கூப்பிட்டவர். பத்தாயிரம் மைல் தாண்டிக் கொண்டுவந்த தம்பிக்கு இன்னும் தெருக் கடக்கத் தெரியாது என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

“நானே எடுக்கிறன் எண்டு சொல்லு,” என்றார். ஓர் ஓரமாகப் போய், குரலைத் தாழ்த்தி எடுத்தார்.

“அக்கா, ஒரு சின்ன உதவி. ஆராவது பிரெஞ்சில எடுத்து மிதுசனைப் பற்றிக் கேட்டால், அவன் கிடைச்சிட்டான் எண்டு சொல்லு. வேற ஒண்டும் கதையாத.”

“கிடைச்சிட்டானோ? ஏன், எங்க துலைஞ்சவன்? இஞ்ச என்ர மடியிலெல்லோ தலையை வைச்சுக்கொண்டு கிடக்கிறான்.”

“ஓம், ஓம். அதைத்தான் சொல்லச் சொல்லுறன்.”

மறுமுனையில் அக்கா “ம்…” என்று இழுத்தார். யோசிக்கும்போது வருகிற இழுவை. கிருபானந்தனுக்குச் சின்ன வயதிலிருந்து அந்த இழுவையைத் தெரியும். அதற்குப் பின்னால் அடி விழும்.

“டேய் தம்பி,” என்றார் செல்வமலர். “நீ ஆற்ற பிள்ளையைத் துலைச்சனி?”

“ஒருத்தரையும் துலைக்கேல்லை அக்கா!”

“ஒருத்தரையும் துலைக்காதவன் ஏன் என்னைக் கிடைச்சிட்டான் எண்டு சொல்லச் சொல்லுறாய்? ஐயோ, மற்றப் பெத்ததுகளுக்கு நான் சொல்லவேணும்!”

“அக்கா, வேண்டாம், அக்கா…”

போன் கட்டாகிவிட்டது. செல்வமலர் அக்காவின் வட்ஸ்அப் குழுவில் நாற்பத்தொரு பெண்கள் இருந்தார்கள். அடுத்த நிமிடம் கிருபானந்தனின் போன் அதிரத் தொடங்கியது. பிறகு நிற்கவே இல்லை.

“அண்ணை, என்ர பிள்ளையைக் குடுங்கோ, குரலைக் கேக்கவேணும்!”

“இருக்கிறா, இருக்கிறா. இந்தாங்கோ கதையுங்கோ.”

வௌவால் தாயுடன் கதைத்தது. பூனை கதைத்தது. சூரன், “ஓமம்மா, நான்தான்,” என்று மட்டைத் தலைக்குள் இருந்து சொல்லி, குரல் விளங்காமல் தாய் அலற, தலையைக் கழற்றி மீண்டும் சொன்னான். பிரஷாந்தினியும் எடுத்தாள். அவள் கத்தவில்லை.

“என்னப்பா, கஜி நிக்கிறாளோ?”

“பக்கத்திலதான் நிக்கிறாள்.”

“சரி. மிச்சத்தை நீங்கள் வந்தாப்போல பாப்பம்,” என்று வைத்துவிட்டாள்.

ஏழு தாய்மார் முடிந்து எட்டாவதாக யோசெப்பின் வந்தார், டினோஜனின் தாய். மன்னாரில் இருந்து வந்தவர். பேச்சில் எப்போதும் ஒரு நிதானம்.

“அண்ணை, டினோஜனிட்டக் குடுங்கோ.”

“இந்தா, குடுக்கிறன்,” என்று திரும்பினார் கிருபானந்தன்.

வௌவால் நின்றது. பூனை நின்றது. இளவரசிகள், சூரன், கஜந்தினி. எண்ணினார். எட்டு. திரும்பவும் எண்ணினார். கல்லாவில் நிற்கிறவரின் விரல் பிழைக்காது. எட்டு.

“டினோஜன் எங்க?” என்றார்.

“அண்ணை?” என்றது போன். “அண்ணை, இருக்கிறியளோ?”

“ஒரு நிமிசம் தங்கச்சி,” என்று அவர் போனைக் கஜந்தினியின் கையில் திணித்துவிட்டு ஓடினார்.

அந்த ஓட்டம் வேறு. காலையிலிருந்து அவர் காட்டிய கவலை முகம் எல்லாம் வாடகைச் சாமான், இது சொந்தம். வைக்கோல் கட்டுகளின் பின்னால் பார்த்தார். டோனட் கடைக்குப் பின்னால் பார்த்தார். பண்ணைக்கு அப்பால் பெருந்தெரு. அங்கே போகிற லொறிகளின் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. வேட்டி கட்டிய பேய் ஒன்றைக் கண்டீர்களா என்று எப்படிப் பிரெஞ்சில் கேட்பது? சப்பாத்து ஒன்று சேற்றில் கழன்றது. அதை விட்டுவிட்டு ஓடினார். முருகா, இந்தப் பிள்ளை மட்டும் கிடைக்கட்டும், சில்லறை விலை என்ன, இரட்டை விலையும் தருகிறேன் என்று பேரம் பேசினார். அப்படிப் பேரம் பேசியதாகப் பிறகு அவருக்குத் தோன்றியது, அவ்வளவுதான். உண்மையில் வேறொன்றும் பேசாமல் ‘ஐயோ ஐயோ’ என்றுதான் ஓடியிருக்கிறார்.

சோளத்துக்குள்ளே, வாழைப்பழத் தாத்தாவுக்கும் கடற்கொள்ளைக்காரனுக்கும் நடுவில், இரண்டு பேரின் கையையும் பிடித்துக்கொண்டு ஒரு சரிகைக் கரைப் பேய் நடந்து போய்க்கொண்டிருந்தது. எல்லாரையும் விடப் பலமாகக் கத்திக்கொண்டு போனது.

“மிதுசன்! மிதுசன்!”

கிருபானந்தன் அதைப் பிடித்துத் தூக்கினார். வேட்டியோடு சேர்த்து நெஞ்சோடு அணைத்தார். மூச்சு வாங்கியது.

“டேய், நீ ஏனடா தேடுறாய்? அவன் வீட்டில கிடக்கிறான் எண்டு உனக்குத் தெரியும்தானே?”

“ஓம் அங்கிள்,” என்றது பேய்.

“பேந்து ஏன் தேடினனி?”

“எல்லாரும் தேடினவை. நானும் தேடினன்.”

அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒற்றைச் சப்பாத்தோடு வெளியே வந்தார். யோசெப்பினுக்கு மகனின் குரலைக் கொடுத்தார். இரண்டு நிமிடம். அவ்வளவுதான் பிள்ளையைக் காணாத பயத்தை அவர் அனுபவித்தது. அந்த எலும்புக்கூட்டு மனிதர் ஒரு மணித்தியாலமாக அதையே அனுபவித்துக்கொண்டு நிற்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மனிதர் கையில் போனை எடுத்துப் பொலிசுக்கு எண் அழுத்தத் தொடங்கியிருந்தார்.

“பிள்ளை,” என்றார் கிருபானந்தன். “அவரை நிப்பாட்டு. மிதுசன் எண்டொரு பிள்ளை இஞ்ச வரவே இல்லை எண்டு சொல்லு. ஒருத்தரும் துலையேல்லை. அப்பா பொய் சொன்னவர் எண்டு சொல்லு.”

கஜந்தினி நிமிர்ந்து பார்த்தாள். “முழுக்கச் சொல்லட்டே?”

“முழுக்க.”

அவர் சொன்னது நாலு வசனம். அவள் சொன்னது நாற்பது. டொய்லெட், ட்ராக்டர், நீலச் சட்டை எல்லாம் கையசைவோடு வந்தன. கணக்கில் மட்டும் இல்லை, கணக்கு ஒப்புவிப்பதிலும் கெட்டிக்காரி.

எலும்புக்கூடு முகமூடியைக் கழற்றியது. உள்ளே நரைத்த மீசையும் நனைந்த கண்ணுமாக ஒரு குடியானவர் இருந்தார். அடி விழும் என்று கிருபானந்தன் கண்ணை மூடிக்கொண்டார்.

“அப்ப சோளத்துக்குள்ள ஒரு பிள்ளையும் இல்லையோ எண்டு கேக்கிறார்,” என்றாள் கஜந்தினி.

“இல்லை.”

“வடிவாத் தெரியுமோ எண்டு கேக்கிறார்.”

“சத்தியமா இல்லை.”

மனிதர் அப்படியே ஒரு வைக்கோல் கட்டில் உட்கார்ந்தார். நீண்ட மூச்சு ஒன்று விட்டார். பிறகு எழுந்து, எலும்பு வரைந்த இரண்டு கைகளாலும் கிருபானந்தனைக் கட்டிப்பிடித்து முதுகில் நாலு தட்டுத் தட்டினார். அது வாழ்த்தா தண்டனையா என்று முதுகுக்குத் தெரியவில்லை. ஒலிபெருக்கி பிள்ளைகள் எல்லாரும் பத்திரம் என்று அறிவித்தது. சோளத்துக்குள் இருந்து கைதட்டல் எழுந்தது. வாழைப்பழத் தாத்தா முழங்காலில் நின்று கும்பிட்டார். யாரோ கிருபானந்தனின் சப்பாத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆந்தைச் சத்தமும் பேய்ச் சிரிப்பும் மீண்டும் தொடங்கின. வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான பேய்ச் சிரிப்பை அவர் கேட்டதில்லை.

“அப்பா,” என்றாள் கஜந்தினி, அவர் கையைப் பிடித்து. “இனி நாங்கள் உண்மையாவே விளையாடலாமோ?”

“விளையாடலாம். அதுக்கு முதல் ஒரு வேலை இருக்கு.”

ஒன்பது பிள்ளைகளும் பின்னால் வர, அவர் நேரே சீட்டுக் கூண்டுக்குப் போனார். பணப்பையைத் திறந்தார். வாடிக்கையாளர்கள் முன்னால் முதலாளியிடம் ஏச்சு வாங்கியபோதுகூட அவர் முகம் இவ்வளவு சிவந்ததில்லை.

“சொல்லு பிள்ளை. எங்களுக்குக் குழு விலை சரிவராது, முழு விலையை எடுக்கச் சொல்லு.”

சூனியக்காரி கேட்டாள். புருவம் தொப்பிக்குள் போனது.

“ஏன் எண்டு கேக்கிறா.”

“பத்துப் பேர் எண்டு சொன்னது பிழை எண்டு சொல்லு. நீயே எண்ணிப் பார் எண்டு சொல்லு.”

சூனியக்காரி கூண்டை விட்டு வெளியே வந்தாள். காலையில் போலவே கண்ணைச் சுருக்கினாள். இந்த முறை ஒருவரும் ஓடவில்லை, வரிசையாக நின்றார்கள். வௌவால், பூனை, பேய், சூரன் என்று ஒவ்வொருவராக விரல் தொட்டுக்கொண்டு வந்து, ஒன்பதாவதாகக் கஜந்தினியைத் தொட்டது. பிறகு மெல்லத் திரும்பி, நேரே கிருபானந்தனின் நெஞ்சை நோக்கி வந்தது. இந்த முறை அவர் கத்தவில்லை. வாங்க வேண்டியதை வாங்கிக்கொள்ளத் தயாராக, தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

விரல் அவர் குளிர்ச்சட்டைப் பொத்தானைத் தொட்டது. “டிஸ்,” என்றாள் சூனியக்காரி. பிறகு பச்சை மூக்கைத் துடைத்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, என்னவோ சொன்னாள்.

கஜந்தினி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. மொழிபெயர்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“பிள்ளையள் ஒன்பது, பெரியாள் ஒண்டு, மொத்தம் பத்து, கணக்குச் சரியாம். இவ்வளவு நேரமும் சோளத்துக்குள்ள எல்லாரும் தேடினது உங்களைத்தானாம், அப்பா.”